விற்கிறவரைக் கேட்டுத்தான் வாங்கினேன்

1

ஆமாம், வாங்கிவிட்டேன். ஜெர்மனியில்தான். என் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும் போட்டு, இரண்டு அறையும் ஓர் அடுக்களையும் உள்ள ஒரு சின்ன அடுக்குமாடி வீடு. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசுகிறவர்கள் வரைக்கும் சேதி போய்விட்டது. போகிற வழியில் அதற்குக் கையும் காலும் முளைத்திருக்கிறது. "செல்வி அங்கனயே வீடு வாங்கிட்டாளாம், இனிமே ஊர்ப்பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டா" என்று ஒருவர் சொன்னாராம். "நடக்க மாட்டாத ஒரு வெள்ளக்காரக் கெழவிய ஏமாத்தி வாங்கிட்டாளாம்" என்று இன்னொருவர். முதல் ஆளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இரண்டாவது ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் யாரையும் ஏமாற்றவில்லை. கேட்டேன். கேட்கப் போய் வீடே கைநழுவிப் போகிற நிலைமை வந்தது. அப்படியும் கேட்டேன்.

சாவி வாங்கி இந்த மாதத்தோடு ஒரு வருஷம். காலையில் சேவியர் கேசரி கிண்டினார். சேவியர் என் வீட்டுக்காரர். இங்கே ஒரு தொழிற்சாலையில் வெல்டர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். எங்கள் மகள் ஜெனி பதினொன்றாவது படிக்கிறாள். கேசரியை போட்டோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் போனாள். அந்த நேரம் பார்த்து தேனி அல்லிநகரத்திலிருந்து அண்ணன் போன்.

"ஏத்தா, இங்கன நல்ல எடமாப் பாத்து வச்சிருக்கேன், வாங்குன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். நீ போயி அங்கன ஒரு பொந்த வாங்கியிருக்கே."

"பொந்துல கிளி இருக்கும்ண்ணே" என்றேன்.

"பாம்பும் இருக்கும்த்தா" என்றார். அண்ணனிடம் பேசி ஜெயிக்க முடியாது.

பொந்துதான், ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பால்கனியில் ஒரு நாற்காலி போட்டால் இரண்டாவது ஆள் நிற்க வேண்டும். கீழே தெருமுனையில் டிராம் திரும்பும்போது ஒரு கிறீச் சத்தம் வரும், பல் கூசும். அந்த டிராமை ஓட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி. ஊரில் ஸ்கூட்டிகூடத் தொட்டதில்லை. கம்பம் டவுனுக்குப் போவதென்றால் அண்ணன் பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து போனவள். இங்கே நாலு பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதில் ஜெர்மன்காரர்கள் நம்ம ஊர்ப் பேச்சில் பேசுவார்கள். நான் அப்படித்தான் எழுதுவேன். அவர்கள் கோபப்பட்டது, சலித்துக்கொண்டது எல்லாம் என் காதில் அப்படித்தான் விழுந்தது.

2

வெளிநாட்டுக்காரர் வீடு வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம் எதுவும் இல்லை. ஆனால் சட்டமா வந்து வீட்டைத் திறந்து காட்டுகிறது? தரகர்தான் காட்டுகிறார்.

நாங்கள் பல வருஷம் வாடகைக்கு இருந்தோம். ஒருநாள் வீட்டு உரிமையாளர் வந்து, தன் மகனுக்கு அந்த வீடு தேவைப்படுகிறது, கோடை முடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்று சொன்னார். அவருக்கு அந்த உரிமை உண்டு, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வாரம் அந்த மகன் ஓர் அளவு நாடாவோடு வந்தான். நாங்கள் உள்ளே இருக்கும்போதே எங்கள் படுக்கை அறையை அளந்தான். ஜெனியின் மேசையை நகர்த்தச் சொல்லி அதற்குப் பின்னால் அளந்தான். அவன் கெட்ட பையன் இல்லை, போகும்போது நன்றிகூடச் சொன்னான். அவன் போன பிறகு ஜெனி மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளாமல் அப்படியே விட்டுவிட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

இனி வாடகை வேண்டாம் என்று முடிவெடுத்தேன். சேவியர், "கெடைக்குமா செல்வி?" என்று மட்டும் கேட்டார். கிடைக்கிற மாதிரித் தெரியவில்லை. வீடு பார்க்கப் போனால் தரகர்கள் எனக்குக் கை கொடுத்துவிட்டு ஜெனியைப் பார்த்துப் பேசுவார்கள். அவளுடைய ஜெர்மன் இந்த ஊர்ப் பிள்ளைகள் பேசுவது போலவே இருக்கும். கடன் வாங்குகிறவள் நான், கையெழுத்துப் போடுகிறவள் நான். கேள்வியெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம். ஜெனி பாதியைத்தான் எனக்குச் சொல்வாள். "மிச்சம் முக்கியமில்லம்மா" என்பாள். எது முக்கியம் என்று முடிவு செய்யும் வேலையை அவளுக்கு யார் கொடுத்தார்களோ தெரியவில்லை.

வங்கியில் என் விசா அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்த அதிகாரி, நிரந்தரமாகத் தங்கலாம் என்று அதில் போட்டிருந்தும் கேட்டார்: "நீங்க இங்கனயே இருந்துருவீகளா?"

"கடன் அடையிற வரைக்கும் நீங்க வெரட்டுனாலும் போகமாட்டேன்" என்றேன். சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

3

இந்த வீடு கண்ணில் பட்டது டிராம் சத்தத்தால்தான். அந்தச் சத்தத்துக்காகவே பலர் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், விலையும் இறங்கியிருந்தது. எனக்குச் சத்தம் ஒரு பொருட்டா? நாள் முழுக்க அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உள்ளே போனதும் பிடித்துவிட்டது. அடுக்களையில் ஒரு பழைய மர மேசை. சன்னல் கட்டையில் பூந்தொட்டி வைத்த வட்ட அடையாளங்கள். குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். தரகர் என்னையே பார்த்தார். இடம் வாங்கப் போனால் தண்ணீரைக் குடித்துப் பார்க்காமல் வருவோமா? ஜெனி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இது யாரு வீடு?" என்று கேட்டேன்.

ஹில்டா என்று ஓர் அம்மா. எங்கள் ஊர் மாதா கோயில் பங்கிலும் ஹில்டாக்கள் உண்டு, அதனால் பெயர் வாயில் உடனே வந்தது. கால் விழுந்துபோய், படி ஏற முடியாமல், டிராம் பாதையின் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். விற்பது அவருடைய மகன். அம்மாவுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட, அம்மா எழுதிக்கொடுத்த பவர் அவரிடம் இருக்கிறது.

"விக்கிறதப் பத்தி அந்தம்மா என்ன சொல்றாக?"

தரகருக்குக் கேள்வி புரியவில்லை. பவர் இருக்கிறது என்று மறுபடி சொன்னார். பவர் புரிந்தது, அந்தம்மா என்ன சொல்கிறார் என்றுதான் கேட்கிறேன் என்றேன். அவர் ஜெனியைப் பார்த்தார். ஜெனி சுவரைப் பார்த்தாள்.

4

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. இடம் பேசி, வில்லங்கம் பார்த்து, எல்லாம் முடிந்த பிறகு, பத்திரம் எழுதுவதற்கு முன்னால் வாங்குகிறவர் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக்கொண்டு விற்கிறவர் வீட்டுக்குப் போவார். அந்த வீட்டில் அதிக நாள் வாழ்ந்த மனுஷியிடம், "மனசாரக் குடுக்கிறீகளா?" என்று கேட்பார். சரி என்று சொன்னால்தான் பத்திரம். எழுதி முடித்ததும் அந்தம்மாவுக்கு ஒரு சேலை.

என் அப்பா ஒருமுறை அப்படிக் கேட்கப் போனார். ஆற்றுத் தண்ணீர் பாயும் வயல், எங்கள் வயலுக்கு ஒட்டினாற்போல். அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்றார்கள். அவர்களுடைய அம்மா பதிலே சொல்லாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அப்பா தட்டோடு திரும்பி வந்துவிட்டார். எங்கள் அம்மா ஆடிய ஆட்டத்தை நான் மறக்கவில்லை. "ஊர் ஒலகத்துல எல்லாரும் பத்திரத்தப் பாத்து எடம் வாங்குறாக. நீங்க மட்டும் மூஞ்சியப் பாத்து வாங்குறீக." அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அந்த வயலை வேறொருத்தர் வாங்கினார். யாரையும் கேட்கவில்லை. திராட்சைப் பந்தல் போட்டார், மாடி வீடு கட்டினார், இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். வயிறெரிந்து கொடுத்த இடம் விளங்காது என்பார்கள். பிரமாதமாக விளங்கியது. ஆகவே சாபத்துக்குப் பயந்து நான் கேட்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் படுக்கை அறையை நான் இருக்கும்போதே ஒருத்தன் அளந்தான். அதை நான் இன்னொருத்திக்குச் செய்ய மாட்டேன். அவ்வளவுதான் காரணம்.

வீட்டுக்கு வந்ததும் ஜெனி குதித்தாள். "அம்மா, இங்க அப்படியெல்லாம் கேக்க மாட்டாங்க. ஒன்ன லூசுன்னு நெனப்பாங்க."

"நெனச்சுக்கிறட்டும்."

"வீடு போயிரும்மா. கோடை முடியிறதுக்குள்ள எங்க போவோம்?"

சேவியரைப் பார்த்தேன். அவர் சட்டையில் பட்ட வெல்டிங் பொறி ஓட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "கேக்காம வாங்குனா ஒனக்குத் தூக்கம் வராது. கேட்டு வீடு போச்சுன்னா எங்க மூணு பேருக்கும் தூக்கம் வராது. யோசிச்சுக்க" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஹில்டா அம்மாவின் மகனிடமிருந்து போன் வந்தது. நான் கேட்டதைத் தரகர் சொல்லியிருப்பார். நல்ல குரல், ஆனால் அவசரம். அம்மாவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றார்.

"அம்மாவுக்கு நெனவு தப்பிருச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல, காலுதான் போச்சு."

"அப்ப வாயி இருக்குல்ல."

இன்னொருவர் வீட்டை வாங்கத் தயாராக இருக்கிறார், நான் அம்மாவைப் பார்க்கப் போனால் வீடு அவருக்குத்தான் என்றார். இங்கேயும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. தெரியாதவரிடம் நீங்கள் என்றுதான் பேச வேண்டும். "நீ குடுக்காட்டிப் போ" என்று சொல்லிவிட்டேன். வெளிநாட்டுக்காரிக்கு வார்த்தை தவறிவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். தவறவில்லை.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. சும்மா இருந்திருந்தால் வீடு என்னுடையது. வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவதை விட்டுவிட்டு என்ன வீறாப்பு இது என்று எனக்கே தோன்றியது.

5

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஜெனியையும் கூட்டிக்கொண்டு போனேன், வரமாட்டேன் என்றவளை இழுத்துக்கொண்டு. எவர்சில்வர் தட்டில் வாழைப்பழம், ஆரஞ்சு. வெற்றிலைக்கு இங்கே எங்கே போவது? சேலையை வீட்டிலேயே வைத்துவிட்டேன். அது பத்திரம் முடிந்த பிறகு கொடுப்பது.

ஹில்டா அம்மா சக்கர நாற்காலியில் சன்னலோரமாக இருந்தார். ஒல்லியான உடம்பு, வாரி முடித்த வெள்ளை முடி, கூர்மையான கண்.

"யாரு?"

"உங்க வீட்ட வாங்க வந்திருக்கவ. செல்வி. இது என் மக."

"அதெல்லாம் என் மகன் பாத்துக்கிருவான்."

"அவுககிட்டப் பேசியாச்சு. வீடு உங்க வீடு. அதான் உங்களக் கேக்க வந்தேன். மனசாரக் குடுக்கிறீகளா?"

ஜெர்மனில் அதை எப்படிச் சொல்வது என்று டிராம் ஓட்டும்போதெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். முழு மனசோடு என்று சொன்னேன். புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. என்னைப் பார்த்தார். ஜெனியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"ஜெர்மன்காரக் குடும்பம் ஏதாச்சும் வரும்னு நெனச்சேன்" என்றார்.

ஜெனி சட்டென்று எழுந்தாள். வெளியிடத்தில் என்னோடு ஜெர்மனில் மட்டுமே பேசுகிற பிள்ளை தமிழில் சொன்னாள்: "வாம்மா, போவோம். நமக்கு இந்த வீடு வேணாம்." அவளுக்கு உதடு துடித்தது. இந்த ஊரில் வளர்ந்தவள் அவள். அந்தச் சொல் எனக்குப் பழக்கம், அவளுக்குப் புதுசு.

"உக்காருடி" என்றேன்.

எனக்கும் வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நான் கேட்க வந்த கேள்விக்கு இது பதில் இல்லை. நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அந்தக் குடும்பம் வரலையே. வந்தவ நாந்தான். இப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வீட்ட நெனச்சு மனசு கஷ்டமா, என்னைய நெனச்சு மனசு கஷ்டமா? வீட்ட நெனச்சுன்னா இப்பவே எந்திரிச்சுப் போயிருவேன். என்னைய நெனச்சுன்னா போகமாட்டேன்."

அவர் வாய் திறந்து மூடியது. பிறகு, "என்ன வேல பாக்குறே?" என்று கேட்டார்.

"டிராம் ஓட்டுறேன்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். "அந்த வளைவுல கிறீச்சுன்னு இழுக்கிறது நீங்கதானா? பொழுது விடியுமுன்னயே என்னைய எழுப்பி விட்ட கூட்டம் நீங்கதானா? எத்தன தடவ புகார் பண்ணியிருக்கேன் தெரியுமா?" டிராம் கம்பெனி சார்பில் அத்தனை வசவையும் நான் வாங்கிக்கொண்டேன். முடிந்த அளவுக்குத் திருப்பியும் கொடுத்தேன். வளைவு அப்படி, தண்டவாளம் காய்ந்திருந்தால் சத்தம் வரத்தான் செய்யும் என்றேன். மெதுவாகத் திருப்ப வேண்டியதுதானே என்றார். மெதுவாகத் திருப்பினால் அடுத்த நிறுத்தத்துக்குப் பிந்திவிடும், நேரத்தைப் போட்டது உங்கள் ஊர்க்காரர்கள்தான், நானில்லை என்றேன். அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருத்தி சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஜெனி அழுகையை மறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மூச்சு வாங்கியதும் ஹில்டா அம்மா தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தார்.

"அடுக்களை மேச இருக்கா? மகன் தூக்கிப் போட்டுட்டானா?"

"அங்கனதான் இருக்கு. எனக்கு வேணும்."

"வீட்ட நெனச்சு அழுததெல்லாம் முடிஞ்சு போச்சு. ஒன்னைய எனக்குத் தெரியாது, அதான்."

"இப்பத் தெரியும்ல. இம்புட்டு நேரம் சண்ட போட்டோமே."

அவர் சிரிக்கவில்லை. பழத்தைத் தின்று முடித்து, தோலை ஜெனியிடம் நீட்டினார். "எங்கிட்ட யாரும் கேக்கல" என்றார் அவளிடம். "மகனும் கேக்கல. தாளக் கொண்டாந்தான், கையெழுத்துப் போட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "நோட்டரிகிட்ட நானே வாரேன். பவர் அவங்கிட்ட இருந்தா இருக்கட்டும், கை எங்கிட்ட இருக்கு" என்றார்.

மனசாரவா என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. அப்பாவாக இருந்தால் தட்டோடு திரும்பியிருப்பார். நான் தட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

திரும்பும்போது ஜெனி டிராமில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். சின்ன வயசுக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

6

மகன் அடுத்த நாள் தரகரிடம் கத்தினாராம். ஆனால் அம்மா வருகிறேன் என்ற பிறகு அவர் என்ன செய்ய முடியும்? இன்னொருவர் தயாராக இருக்கிறார் என்றாரே, அந்த ஆளை அதற்குப் பிறகு யாரும் குறிப்பிடவே இல்லை.

உத்தமபாளையத்துப் பதிவு அலுவலகத்தில் பத்திரத்தை யாரும் படித்துக் காட்டுவதில்லை. சம்மதமா, பணம் வந்துவிட்டதா என்று கேட்டு, போட்டோ எடுத்து, ரேகை வாங்கி அனுப்பிவிடுவார்கள். இங்கே நோட்டரி ஒருவர் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படிக்க வேண்டும். வாங்குகிறவருக்கு மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

நோட்டரி என்னைப் பார்த்து, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"படிங்க. புரியாத எடத்துல கையத் தூக்குறேன்" என்றேன்.

படிக்க ஆரம்பித்தார். ஒரு வாக்கியம் இங்கே தொடங்கினால் அடுத்த பக்கத்தில்தான் முடியும். வீட்டின் மேல் இருக்கும் வில்லங்கம் பற்றி ஒரு பகுதி வந்தது. கை தூக்கினேன். விளக்கினார். இது நம்ம ஊர் வில்லங்கம்தான், இதற்கா இவ்வளவு நீளம் என்று நினைத்துக்கொண்டேன். பொதுச் சுவர், பொதுப் படிக்கட்டு பற்றி வந்தது. கை தூக்கினேன். மகன் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது முறை நான் கை தூக்குவதற்கு முன்னால் பக்கத்தில் ஒரு கை எழுந்தது. ஹில்டா அம்மா.

"எனக்கும் வெளங்கல" என்றார். "பொறந்ததுலருந்து ஜெர்மன்தான் பேசுறேன். அவளுக்குச் சொல்றப்ப எனக்கும் சேத்துச் சொல்லுங்க."

மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நோட்டரி பாவம், தண்ணீர் குடித்துவிட்டு அந்தப் பக்கத்தை முதலிலிருந்து விளக்கினார். அவர் விளக்கியபோது புரிந்தது. புரிகிற மாதிரியே எழுதியிருக்கலாம்.

ஹில்டா அம்மா கையெழுத்துப் போட நேரம் எடுத்தது. மகன் உதவப் போனார், அம்மா முழங்கையால் தள்ளிவிட்டார். பிறகு நான் போட்டேன், சேவியர் போட்டார். பையிலிருந்து சுங்குடிச் சேலையை எடுத்து, இரண்டு கையாலும் அவர் மடியில் வைத்தேன்.

"இத வச்சு என்ன செய்ய?"

"எங்க வழக்கம். சன்னலுக்குப் போட்டாலும் சரி."

துணியைத் தடவிப் பார்த்தார். அதில் இருந்த முடிச்சுப் புள்ளிகளை நகத்தால் நெருடினார்.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டியே, மனசாரக் குடுக்கிறீகளான்னு. காலு நல்லாருந்தா ஒனக்கு ஒரு செங்கல்லு குடுத்திருப்பனா?"

"மாட்டீக" என்றேன்.

"மாட்டேன்" என்றார்.

அறையில் இருந்த மற்றவர்களுக்கு அது என்னவோ போல் இருந்தது. எனக்கு அப்படி இல்லை. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து இவ்வளவு நேராக யாரும் என்னிடம் பேசியதில்லை.

7

பணம் போய்ச் சேர்ந்த பிறகு சாவி. மகன் வீட்டுக்கு வந்து மின்சார மீட்டர், தண்ணீர் மீட்டர் எல்லாம் குறித்துக் கொடுத்து, சாவிக்கொத்தை நீட்டினார். பத்திரத்தில் சொன்னதில் ஒரு சாவி குறைந்தது. அம்மாவிடம் இருக்கும், பரவாயில்லை விடுங்கள் என்றார். அன்றைக்கு அவர் நல்ல மனநிலையில் இருந்தார், நானும் இருந்தேன். இரண்டு பேரும் நீங்கள் என்றே பேசிக்கொண்டோம்.

பரவாயில்லை என்று எனக்கு விட முடியவில்லை. மறுநாள் வேலை முடிந்து, சீருடையோடு, ஜெனியைக் கூட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போனேன். ஹில்டா அம்மா சுங்குடிச் சேலையைச் சன்னலுக்குப் போடவில்லை. நாலாக மடித்து முழங்காலில் போர்த்தியிருந்தார். சாவி என்றதும் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஒரு நாடாவில் கோத்து உள்ளே போட்டிருந்தார்.

"இது ஒண்ண நான் வச்சுக்கிறேன். நான் எங்க அந்தப் படியேறி வரப்போறேன்? சும்மா இருக்கட்டும்."

ஜெனி என் கையைப் பிடித்தாள். "பாவம்மா. குடுத்துரு" என்றாள் தமிழில்.

எனக்கும் மனசு இளகத்தான் செய்தது. சரி என்று சொல்லியிருந்தால் எல்லோருக்கும் நல்லவளாகப் போயிருப்பேன். ஆனால் நான் வாழ்ந்த வாடகை வீடு ஒவ்வொன்றுக்கும் வேறு ஒருத்தர் கையில் ஒரு சாவி இருந்தது. ஒரு வீட்டில் உரிமையாளர் அந்தச் சாவியைப் போட்டுத் திறந்து அடுக்களை வரைக்கும் வந்து நின்றார், நான் நைட்டியோடு தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். குழாய் பார்க்க வந்தேன் என்றார். நேரில் போய்க் கேட்டு வாங்கின வீடு இது. இதற்கு இன்னொரு சாவி வெளியே இருக்கக் கூடாது, அது எவ்வளவு பாவப்பட்ட கழுத்தில் தொங்கினாலும் சரி.

"அத வச்சுக்கிறக் கூடாது" என்றேன். "குடுங்க. வரணும்னு தோணுச்சுன்னா சொல்லி விடுங்க. தூக்கிட்டு வர எங்க வீட்டுக்காரரு இருக்காரு, நானும் இருக்கேன். மேசையில உக்காந்து காப்பி குடிக்கலாம். ஆனா வாசல்ல வந்து பெல்லு அடிக்கணும். கதவ நான் தொறப்பேன்."

ஜெனி என் கையை விட்டுவிட்டாள். ஹில்டா அம்மா கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். மெதுவாக நாடாவைத் தலைவழியாகக் கழற்றினார், முடியில் மாட்டியது, அவரே எடுத்துவிட்டார். நாடாவிலிருந்து சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களைத் தன் கையால் மடக்கினார். சாவி அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது.

"இப்பத்தான் வித்தேன்" என்றார்.